ஐசாக் மாஸ்டரின் பொன் விகிதக் கோப்பை

ஐசாக் மாஸ்டருக்கு இரண்டு குரல்கள் இருந்தன. முதலாவது வகுப்புக் குரல். அது கடைசி வாங்கில் தூங்குகிறவனை எழுப்பும். அதோடு நிற்காமல் மதிலுக்கு வெளியே ஐஸ்கிறீம் விற்கிறவனுக்கும் பைதகரசின் தேற்றத்தைப் படிப்பித்துவிடும். இரண்டாவது வீட்டுக் குரல். அது ‘ம்’, ‘ம்ஹும்’, ‘தேத்தண்ணி’ என்ற மூன்று சொற்களை வைத்துக்கொண்டு எப்படியோ சீவித்து வந்தது.

அமெரிக்க மிசன்காரர் தொடக்கிவிட்டுப் போன பள்ளிக்கூடம் ஒன்றில் தலை நரைக்கும்வரை கணிதம் படிப்பித்தார். ஓய்வு பெற்ற அன்று மாலை போட்டார்கள், சுவர் மணிக்கூடு ஒன்று கொடுத்தார்கள், அந்த முதலாவது குரலை மட்டும் திருப்பி வாங்கிக்கொண்டு வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அதற்குப் பிறகு கொழும்புத்துறை வீதியிலிருந்து உள்ளே போகும் ஒழுங்கையில், கடல்காற்று யன்னலை அடித்து அடித்துச் சாத்தும் அந்த வீட்டில், மாஸ்டர் சாய்மனைக் கதிரையில் கிடந்தார். பிள்ளைகள் இல்லாத வீடு. மனைவி தேவமலர் கோழிகளோடும், குசினிக்குள் ஞானப்பாட்டுகளோடும் பேசிப் பொழுதைக் கழித்தார்.

தேவமலரின் தங்கை ஸ்ரெல்லா அடுத்த வளவில் இருந்தாள். வாய் என்றால் அப்படி ஒரு வாய். போதகர் மாதிரிப் பேசிக் காட்டுவாள், மீன்காரன் மாதிரிக் கூவிக் காட்டுவாள். ஒருநாள் படலையைத் திறந்ததும் திறக்காததுமாகக் கேட்டாள்:

“அக்கா, அத்தான் உயிரோடைதான் இருக்கிறாரோ? இல்லாட்டி உந்தக் கதிரையிலை சேட்டைக் காயப்போட்டிருக்கிறியோ?”

“ம்ஹும்” என்றது சேட்டு.

தேவமலருக்கு நீரிழிவு, அதாவது சீனி வருத்தம், என்று தெரியவந்தபோதுதான் மாஸ்டர் அந்தக் கதிரையை விட்டு எழும்பினார். கிளினிக்குக்கு அவரோடு கூடப் போனார். அங்கே தாதியாக இருந்த மிஸ்ஸி, பஸ் கொண்டக்டர் இறங்குமிடம் சொல்கிற வேகத்தில் சாப்பாட்டைப் பற்றிச் சொல்லி முடித்தாள்.

“கோப்பையிலை பாதி மரக்கறி, காற்பங்கு சோறு, காற்பங்கு மீன், விளங்கிச்சோ அம்மா, அடுத்த ஆள் வாங்கோ!”

மாஸ்டர் நகரவில்லை.

“தங்கச்சி, பாதி எண்டு ஆர் முடிவெடுத்தது?”

“ஐயா, அடுத்த ஆள் நிக்கிறா.”

“இல்லை, ஏன் பாதி? அதுக்கு ஒரு நியாயம் வேணுமெல்லோ?”

மிஸ்ஸி அவரைப் பார்த்தாள். பிறகு அவருக்குப் பின்னால் நின்றவரைப் பார்த்தாள். தேவமலர் கணவனின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே வந்தார்.

ஓட்டோவில் ஏறியதும் நெடுநாளாய்க் கேட்காத ஒரு சத்தம் கேட்டது. வகுப்புக் குரல்.

“தேவமலர், இயற்கை எதையாவது பாதி பாதியாய்ப் பிரிச்சதை நீர் கண்டிருக்கிறீரோ?”

“எங்கடை பூவரசமிலை பாதி பாதிதானே?”

“அது வேறை! சூரியகாந்திப் பூவைப் பாரும். சங்கைப் பாரும். பெரிய பங்குக்கும் சின்னப் பங்குக்கும் என்ன விகிதமோ, முழுமைக்கும் பெரிய பங்குக்கும் அதே விகிதம். பொன் விகிதம்! உடம்பும் இயற்கைதானே? அப்ப சாப்பாட்டை மட்டும் ஏன் பேக்கரிப் பாணை வெட்டுற மாதிரி வெட்டுறது?”

ஓட்டோக்காரன் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, வேகத்தைக் கூட்டினான். மாஸ்டர் வீடு வரும்வரை கதைத்துக்கொண்டே வந்தார். தேவமலர் கம்பியைப் பிடித்தபடி அவருடைய வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். நல்ல மாணவி, கவனமாகக் கேட்கிறாள் என்று மாஸ்டர் நினைத்துக்கொண்டார்.

அன்றைக்கே அலுமாரிக்குள் கிடந்த, வட்டம் கீறுகிற கவராயத்தைத் தேடி எடுத்தார். சோறு சாப்பிடும் தட்டையான வெள்ளை எனாமல் கோப்பை ஒன்றைக் கழுவித் துடைத்து மடியில் வைத்து, நெடுநேரம் அளந்து, சிவப்புப் பெயின்ரால் ஒரு கோடு போட்டார். கோட்டுக்கு இந்தப் பக்கம், பெரிய பங்கு, மரக்கறியும் கீரையும். அந்தப் பக்கத்துச் சின்னப் பங்கை அதே விகிதத்தில் திரும்பவும் பிரித்து இன்னொரு கோடு. அதில் பெரியது மீனுக்கோ பயறுக்கோ. மிஞ்சிய ஒடுக்கமான மூலை சோற்றுக்கு.

தேவமலர் அந்த மூலையைப் பார்த்தார். குத்தரிசிச் சோற்றில் சொதியை ஓடவிட்டுக் குழைத்துச் சாப்பிட்டே வளர்ந்தவர்.

“இதுக்குள்ளை சோத்தைப் போட்டால் சொதியை எங்கை விடுறது?”

“சொதி பாயும் பொருள். அதைப் பிறகு யோசிப்பம்.”

ஸ்ரெல்லாவுக்கு இது கிடைத்ததே போதும். மாஸ்டரின் குரலிலேயே, ஒரு விரலை உயர்த்திக்கொண்டு, ஒழுங்கை முழுக்கக் கொண்டு திரிந்தாள்: “முழுமைக்கும் பெரிய பங்குக்கும் என்ன விகிதமோ, பெரிய சட்டிக்கும் சின்னச் சட்டிக்கும் அதே விகிதம்! கழுவுறது மட்டும் அக்கா!”

மாஸ்டர் கோபிக்கவில்லை. மோட்டச்சயிக்கிளை எடுத்துக்கொண்டு சுன்னாகம் சந்தைக்குப் போய்க் கீரையும் வாழைப்பொத்தியும் சாக்கில் கட்டிக்கொண்டு வந்தார். வேலியில் நின்ற முருங்கை மொட்டையானது. மேசையில் ஸ்தோத்திரம் சின்னது, விளக்கம் பெரியது. சாப்பாடு ஆறித்தான் வாய்க்குப் போனது. மீன் கொண்டுவருகிற பிலிப்பு படலையில் ஹோர்ன் அடித்தால், கோப்பையோடு வெளியே போய் நின்றார்.

“இந்த இடத்துக்கை அடங்கிற மாதிரி ஒரு விளைமீன் துண்டு தா, பிலிப்பு.”

“மாஸ்டர், வலையிலை விழேக்கை மீன் விகிதம் பாத்து விழுறேல்லை” என்றான் பிலிப்பு. “வேணுமெண்டால் நாளைக்குக் கடலிலை கோடு போட்டுவிடுங்கோ.”

தேவமலர் குசினி யன்னலில் நின்று வாய்விட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பை மாஸ்டர் கவனித்தார். வீட்டில் இப்படி ஒரு சத்தம் கேட்டு எவ்வளவு காலம் என்றும் ஒரு கணம் நினைத்தார். பிறகு மீனுக்குத் திரும்பிவிட்டார்.

விரலில் குத்திப் பார்க்கும் சின்ன மெசின் ஒன்றை வாங்கினார். சீனி இறங்கத் தொடங்கியது. முதலில் கொஞ்சம். பிறகு நன்றாக. ஒவ்வொருமுறையும் மாஸ்டர் அந்த மெசினை உயர்த்திப் பிடித்து, கரும்பலகையில் கடைசி வரியை எழுதி அடிக்கோடிடுகிற மாதிரிச் சொல்வார்: “நிறுவியாச்சு!”

அடுத்த கிளினிக் நாள் வந்தபோது தேவமலர் சீலையை மாற்றிக்கொண்டு நின்றார்.

“எங்கை வெளிக்கிடுறீர்?”

“கிளினிக்குக்கு. இரத்தம் எடுக்க வரச் சொன்னவை.”

“படிச்சுப் பாசான பிள்ளை ஆரும் திரும்பச் சோதினை எழுதப் போறதோ? நம்பர் இஞ்சை வடிவாய்க் கிடக்கு. அங்கை போய்ப் பகல் முழுக்க வாங்கிலை குந்தியிருந்து, வேறை வருத்தம் வாங்கிக்கொண்டு வரப்போறீரோ?”

“ஒருக்காப் போட்டு வருவமே.”

“குளிசையைப் பாமசியிலை நான் வாங்கி வாறன்.”

தேவமலர் போய்ச் சீலையை மாற்றினார். அதற்கடுத்த கிளினிக் நாளில் அவர் கேட்கவேயில்லை.

கோப்பையில் சாப்பாடு மிஞ்சத் தொடங்கியது. பசி அடங்குவது உடம்பு ஒழுங்குக்கு வந்த அடையாளம் என்றார் மாஸ்டர். மதியத்தில் தேவமலர் படுத்தால் எழும்பப் பின்னேரமாகியது. வயது என்றார். பாட்டுப் பாடினால் இடையில் மூச்சு வாங்கியது. அதற்கு மாஸ்டர் ஒன்றும் சொல்லவில்லை, ஏனென்றால் அந்த நேரம் அவர் கதைத்துக்கொண்டிருந்தார்.

கோயிலில் அறுப்புப் பண்டிகை வந்தது. பூசணிக்காயும் வாழைக்குலையும் பீடத்தைச் சுற்றிக் குவிந்து கிடக்க, ஆராதனை முடிந்ததும் மாதர் சங்கத்தார் மாஸ்டரைப் பேசக் கூப்பிட்டார்கள். போதகர் இழுத்து இழுத்து அறிமுகம் செய்தார்: “அன்பாஆனவர்களே… நமது ஐசாஆக் மாஸ்டர் அவர்கள்… ஆண்டவர் படைப்பிலே வைத்த கணக்கைக் கண்டுபிடித்து… அதைக் கோப்பையிலே இறக்கியிருக்கிறார்!”

மாஸ்டர் கோப்பையைத் தூக்கிக் காட்டினார். குரல் கூரையில் பட்டுத் திரும்பியது. பெண்கள் கோட்டின் அளவைக் கேட்டுக் குறித்துக்கொண்டார்கள். முன்வரிசையில் இருந்த மிரியம் அக்கா, விதவை, அவருக்கும் சீனி, கேள்விமேல் கேள்வி கேட்டார். கிளினிக்கைப் பற்றிக் கேட்டதற்கும் வீட்டில் சொன்ன அதே சோதினைப் பதில்தான். மாஸ்டர் சந்தோசத்தில் நிலை மறந்து, “நிரூபணம் வேணுமெண்டால் அங்கை இருக்குது. தேவமலர், ஒருக்கா எழும்பி நில்லும்!” என்றார்.

தேவமலர் எழும்பினார். முன்வாங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார். எல்லாரும் கைதட்டினார்கள். மாஸ்டர் குனிந்து பார்த்தபோது தேவமலரின் காலில் செருப்பில்லை. செருப்பு வாங்குக்குக் கீழே கிடந்தது. பாதம் இரண்டும் புளித்த அப்ப மாப்போல் பொங்கி, செருப்பின் வார் பதிந்த இடம் மட்டும் குழிந்திருந்தது. நெடுநேரம் இருந்ததால் வீங்கிவிட்டது என்று நினைத்துக்கொண்டு மாஸ்டர் பேச்சைத் தொடர்ந்தார்.

ஒருநாள் முற்பகல், திருவலையில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தபடியே தேவமலர் சரிந்தார். ஸ்ரெல்லா போட்ட கத்தலில் ஒழுங்கை முழுக்க ஓடிவந்தது. வேர்த்துக் கொட்டி, கண் மேலே போய், கூப்பிட்டால் பதில் இல்லை. மாஸ்டர் அந்த நேரத்திலும் மெசினைத்தான் எடுத்தார். அதுவரை பார்த்திராத அளவுக்குச் சீனி இறங்கியிருந்தது.

ஆசுபத்திரியில் டொக்டர் வித்தியா அவரை ஒரு மூலைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். ஒருகாலத்தில் அவருடைய ரியூசன் வகுப்பில் முன்வாங்கில் இருந்தவள்.

“மாஸ்டர், சீனியைக் குறைக்கிற இன்சுலினை உடம்பிலையிருந்து அகற்றுறதிலை கிட்னிக்கும் பங்கிருக்கு. கிட்னி பழுதாகேக்கை அது உள்ளுக்கை தங்கி நிக்கும். குடிக்கிற குளிசையும் அப்பிடித்தான். அப்ப சீனி தன்பாட்டிலை இறங்கும். பாக்கிறவைக்கு வருத்தம் சுகமாகிற மாதிரி இருக்கும்.”

“அப்ப சாப்பாட்டாலை…”

“சாப்பாட்டாலையும் கொஞ்சம் இறங்கியிருக்கலாம். ஆனா இந்த இறக்கம் அதில்லை. அன்ரியின்ரை ரெண்டு கிட்னியும் கனக்கப் பழுதாய்ப் போச்சுது, மாஸ்டர். இனி மெசினாலை இரத்தம் சுத்திகரிக்கத்தான் வேணும். கீரை, முருங்கையிலை, பொத்தி ஒண்டும் குடுக்காதேங்கோ. உதுகளிலை உள்ள பொட்டாசியம் இப்ப நெஞ்சுக்குக் கூடாது.”

அவள் மெல்ல, ஒவ்வொரு சொல்லாக, இடையிடையே அவர் முகத்தைப் பார்த்துப் பார்த்துச் சொன்னாள். மாஸ்டருக்கு அந்தக் குரலைத் தெரியும். கணக்கு ஏறாத பிள்ளைகளுக்கென்று அவர் வைத்திருந்த குரல் அது.

“பிள்ளை, கிளினிக்குக்கு ஒழுங்காய் வந்திருந்தால்?”

வித்தியா கையில் இருந்த ரிப்போட்டைத் திருப்பிப் பார்த்தாள். அதில் பார்க்க ஒன்றும் இருக்கவில்லை. “இப்ப அதைக் கதைச்சு என்ன, மாஸ்டர்” என்றாள்.

அதுவே பதில் என்று மாஸ்டருக்கு விளங்கியது.

வாட்டுக்கு வந்து கட்டிலருகே நின்றார். தேவமலருக்கு நினைவு திரும்பியிருந்தது. ஏசப்போகிறாள் என்று காத்திருந்தார். ஏசவேண்டும் என்றும் காத்திருந்தார்.

“சாப்பிட்டீங்களே?” என்று கேட்டார் தேவமலர்.

“கால் வீங்கினது உமக்கு எப்ப தெரியும்?”

“அது எப்பவோ.”

“ஏனப்பா எனக்குச் சொல்லேல்லை?”

“நீங்கள்தான் கதைச்சுக்கொண்டே இருந்தீங்களே. எங்கை இடைவெளி விட்டனீங்கள், நான் சொல்லுறதுக்கு?” பகிடியாகத்தான் சொன்னார். சிரிக்கவும் பார்த்தார். மாஸ்டரால் முடியவில்லை.

“என்னாலைதான்…”

“விடுங்கோ. நீங்கள் வேணுமெண்டே செய்தனீங்கள்?”

அன்றிலிருந்து இந்த ‘விடுங்கோ’ மாஸ்டரைத் துரத்தத் தொடங்கியது. டயலிசிசுக்குக் கூட்டிப்போகும்போது ஓட்டோவில் வாயைத் திறந்தார்: விடுங்கோ. சோற்றை வடித்து, மரக்கறியை அவித்துத் தண்ணீரை ஊற்றிவிட்டு, உப்பில்லாமல் பிசைந்து கொடுக்கும்போது திறந்தார்: விடுங்கோ, உங்களுக்கென்ன தெரியும். தண்ணீர் கூட அளந்துதான் குடிக்க வேண்டும் என்றாகி, தேவமலர் ஈரத்துணியால் உதட்டைத் தொட்டுக்கொண்டிருந்த ஒரு பகலில் மாஸ்டர் திறந்தார்: தேவமலர் கண்ணை மூடிக்கொண்டு, கையை மட்டும் அசைத்தார். அந்தக் கை அசைவும் ‘விடுங்கோ’தான்.

ஊரே அவரை மன்னித்துவிட்டது. போதகர் வந்து, “எல்லாம் ஆண்டவருடைய சித்தம், மாஸ்டர்” என்றார். பிலிப்பு சொல்லாமல் கொள்ளாமல் சின்னத் துண்டு மீன் படலையில் கொழுவிவிட்டுப் போனான். மன்னிக்காமல் இருந்தது ஸ்ரெல்லா ஒருத்திதான். அவளும் யாரைப்போலவும் பேசிக் காட்டுவதை விட்டுவிட்டாள். சொந்தக் குரலில், அதுவும் தாழ்ந்த குரலில், குசினி வாசலில் நின்று சொன்னாள்:

“அத்தான், நீங்கள் வாய் திறந்தாப் பிறகுதான் அக்கா சிரிச்சது. திரும்பவும் கதிரையிலை போய்ப் படுத்திடுவியளோ எண்ட பயத்திலை, போட்டதெல்லாத்தையும் வாயை மூடிக்கொண்டு திண்டது. உங்களுக்கு நம்பர் தெரிஞ்சுது. பக்கத்திலை இருந்த மனிசி தெரியேல்லை.”

மாஸ்டர் தலையை ஆட்டினார்.

“இன்னுமொண்டு. உங்களை நம்பி மிரியம் அக்காவும் கிளினிக்குக்குப் போறதை விட்டிட்டா. தெரியுமே?”

தெரியாது. அந்த இடத்திலேயே மோட்டச்சயிக்கிளை எடுத்தார்.

மிரியம் அக்கா வாசலிலேயே வரவேற்றார். மேசையில் கோப்பை இருந்தது. சிவப்புப் பெயின்ர் கிடைக்கவில்லையாக்கும், நகப்பூச்சால் கோடு போட்டிருந்தார். கீரை, மீன், ஒடுக்கமான மூலையில் சோறு.

“வாங்கோ மாஸ்டர்! இப்பதான் உங்களை நினைச்சனான். எனக்குச் சீனி இறங்கீட்டுது!”

“அக்கா, கிளினிக்குக்குப் போகவேணும்.”

“ஏன்? நம்பர் வடிவாய்க் கிடக்கெல்லோ.”

“நம்பரை நம்பாதேங்கோ. ஒருக்கா இரத்தம் எடுத்துப் பாப்பம்.”

“பாசான பிள்ளை ஆரும் திரும்பச் சோதினைக்குப் போறதோ, மாஸ்டர்? நீங்கள்தானே கோயிலிலை சொன்னனீங்கள்!” என்று மிரியம் அக்கா சந்தோசமாகச் சிரித்தார்.

மாஸ்டர் கதிரையில் உட்கார்ந்தார். தன்னுடைய சொல், தன்னுடைய சிரிப்பு, விரலை உயர்த்துகிற விதம் கூடத் தன்னுடையது. தேவமலர் இதைத்தான் தினமும் கேட்டுக்கொண்டிருந்தாள். சீலையை மாற்றிக்கொண்டு வந்து நின்றபோதும் இதைத்தான் கேட்டாள்.

“பிழை, அக்கா” என்றார். வகுப்புக் குரலும் இல்லை, வீட்டுக் குரலும் இல்லை. தொண்டையில் என்ன மிஞ்சியிருந்ததோ அது. “நான் நிறுவேல்லை. என்ரை மனிசியைக் கொண்டு பரிசோதிச்சுப் பாத்தனான். அவ்வளவுதான். காலைக் காட்டுங்கோ. வீக்கம் கிடக்கே? நீங்கள் வராமல் நான் இந்தக் கதிரையை விட்டு எழும்ப மாட்டன்.”

மிரியம் அக்காவின் சிரிப்பு நின்றது. அடுத்த கிளினிக் நாளில், தேவமலரை டயலிசிசுக்கு விட்ட கையோடு, மாஸ்டரே அவரைக் கூட்டிக்கொண்டு போய் வரிசையில் நின்றார். இரத்தம் எடுத்தார்கள். சிறுநீர் பார்த்தார்கள். முடிவு வந்த அன்று வித்தியாதான் கூப்பிட்டுச் சொன்னாள்: கிட்னிக்கு ஒரு குறையும் இல்லை. சீனி உண்மையாகவே இறங்கியிருக்கிறது. சோற்றைக் குறைத்து மரக்கறியைக் கூட்டியது நல்லது, ஆனால் குளிசையின் அளவை மாற்ற வேண்டும், கிளினிக்கை விடக்கூடாது.

மிரியம் அக்கா கையெடுத்துக் கும்பிட்டார். வித்தியாவை அல்ல, மாஸ்டரை. “உங்கடை கோப்பைதான் என்னைக் காப்பாத்தினது” என்றார். மாஸ்டர் முகத்தைத் திருப்பிக்கொண்டு டயலிசிஸ் வாட்டுக்குப் படியேறினார்.

தேவமலர் மெசினோடு பொருத்தப்பட்டுப் படுத்திருந்தார். இரத்தம் குழாய் வழியே போய்ச் சுற்றி வந்துகொண்டிருந்தது. இப்போதெல்லாம் முகம் சுருங்கி, காது மட்டும் பெரிதாய்த் தெரிந்தது. காலடியைக் கேட்டுக் கண்ணைத் திறந்தார்.

“மிரியம் அக்காவுக்கு என்னவாம்?”

“ஒண்டுமில்லையாம். கிட்னி நல்லாயிருக்காம்.”

“சீனி?”

“இறங்கியிருக்காம். சாப்பாட்டாலைதான் எண்டு சொல்லினம்.”

தேவமலர் முகட்டைப் பார்த்தார். மெசின் ஒருமுறை கூவியது. மிஸ்ஸி வந்து எதையோ அமத்திவிட்டுப் போனாள்.

“அப்ப உங்கடை கணக்குச் சரிதான்” என்றார்.

“அவவுக்குச் சரி வந்திட்டுது.”

“எனக்குத்தான் பிழைச்சுப்போச்சு, என்ன?”

“உமக்கில்லை. எனக்கு. நான்தான் உம்மை மறிச்சனான். என்னிலைதான் பிழை, தேவமலர்.”

வழமையான அந்தச் சொல் வரும் என்று நின்றார். கை அசையும் என்று பார்த்தார். குழாய் பொருத்தாத கை போர்வையின்மேல் அப்படியே கிடந்தது.

“ஓம்” என்றார் தேவமலர்.

மாஸ்டர் தலை குனிந்தார்.

“ஓம். உங்களிலைதான் பிழை. சீலை கட்டிக்கொண்டு நிண்டனான். நீங்கள் பாத்தனீங்கள், நிண்டனான். என்னைப் போகவிட்டிருக்கலாம். எனக்கு இன்னும் கொஞ்சக் காலம் இருக்க ஆசையாயிருந்தது.”

இவ்வளவு நாளும் அவர் கேட்கக் காத்திருந்தது இதுதான். கேட்டபிறகு, அது அவரை நிமிர்த்தவில்லை. கட்டிலின் இரும்பைப் பிடித்துக்கொண்டு, பக்கத்துக் கட்டில்காரர் பார்க்கப் பார்க்க, சத்தம் போட்டு அழுதார். தேவமலரும் அழுதார். ஆளுக்காள் சமாதானம் சொல்லவில்லை.

மாரி மழை தொடங்குவதற்குள் தேவமலர் போய்ச் சேர்ந்தார். அதுவரையில் ‘விடுங்கோ’ என்று அவர் ஒருமுறையும் சொல்லவில்லை. கோபம் வந்தால் ஏசினார், தாகம் வந்தால் அழுதார், கால் உளைந்தால் உளைகிறது என்றார். மாஸ்டர் கதைப்பதைக் குறைத்துக்கொண்டு, கட்டிலருகே கதிரையை இழுத்துப் போட்டு, ஒவ்வொன்றையும் கேட்டுக்கொண்டிருந்தார்.